மெலிந்தால் வாழ்த்துகிற ஊர்

எங்கள் ஊரில் ஒருவன் மெலிந்து போனால், உடம்புக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை. கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். கன்னம் ஒட்டி, கழுத்து நரம்பு புடைத்து, காலுறை கணுக்காலில் நிற்காமல் வழிந்தால் அவன் தயாராகிவிட்டான் என்று அர்த்தம். எந்த ஊர் மாரத்தான், என்றைக்கு விமானம் என்பதுதான் அடுத்த கேள்வி. பள்ளத்தாக்கின் விளிம்பில், விடிந்ததும் செம்மண் சாலையில் முந்நூறு பேர் ஓடுகிற ஊர் இது. ஓடுகிறவன் எத்தனை கிலோ இருக்கவேண்டும் என்பதில் மளிகைக்காரருக்கும் போலீஸ்காரருக்கும் பாதிரியாருக்கும்கூட ஒரு கருத்து உண்டு.

பர்சுலாய் மட்டும்தான் மெலிந்தவனைப் பார்த்துப் பயப்படுகிறவர். தோள்பையில் எடை பார்க்கும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, வியாழன் காலையில் வேக ஓட்டம் முடிகிற சந்திப்பில் உட்கார்ந்திருப்பார். ஓடி முடித்து மூச்சு வாங்குகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஏற்றி நிறுத்துவார். நோட்டில் எழுதிக்கொள்வார். பந்தயம் எதுவும் அருகில் இல்லாமல் ஒரே மாதத்தில் மூன்று கிலோ குறைந்தவன் அவரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாக வேண்டும். அது அவருடைய சட்டம். அதை மதிக்கிறவர்களும் உண்டு, கேலி செய்கிறவர்களும் உண்டு.

"டேய், தராசு வந்தாச்சு! கால்சட்டைப் பையில கல்லை அள்ளிப் போட்டுக்கோங்கடா."

உண்மையிலேயே கல்லைப் போட்டுக்கொண்டு ஏறியவர்கள் இருக்கிறார்கள். பர்சுலாய் முதலில் பையைத் தடவிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

முகத்துக்கு நேராக யாரும் அவரைத் தராசு என்று கூப்பிடுவதில்லை. சாம்பியன் என்றுதான் சொல்வோம். 2003இல் ஐரோப்பாவின் ஒரு துறைமுக நகரத்தில், காற்றும் தூறலும் அடித்த ஏப்ரல் காலையில், மாரத்தானை இரண்டு மணி ஏழு நிமிடத்தில் முடித்து முதலாவதாக வந்தவர் அவர். பக்கத்து நகரமான எல்டோரெட்டின் விமான நிலையத்தில் அவர் இறங்கியபோது ஊரே போயிருந்தது. சுரைக்குடுக்கையில் புளித்த பாலைக் கொண்டுபோய் வாயில் வைத்தோம். மூன்று வருடம் கழித்து அவரும் ஒரேயடியாக மெலிந்தார். அடுத்த பந்தயத்துக்குத் தயாராகிறார் என்று நாங்கள் கை குலுக்கினோம். அவர் சாலையிலேயே விழுந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை ஆரம்பித்தார்கள். பிழைத்து எழுந்தார்.

2008இல் மாவட்ட விளையாட்டு விழாவில் பரிசு கொடுக்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன். அதனாலதான் உங்க முன்னாடி நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். முதல் இரண்டு பையன்கள் கோப்பையைத் துணியால் பிடித்து வாங்கினார்கள். மூன்றாவதாக வந்த பெண் கையோடு கையாக வாங்கினாள். அன்றிலிருந்து அவருக்கு அதுவே வேலை ஆகிவிட்டது. பள்ளிக்கூடம், தேவாலயம், வானொலி, சந்தை. ஆஸ்பத்திரியிலும் புதிதாக மாத்திரை ஆரம்பிக்கிறவர்களுக்குத் துணையாக உட்கார ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

எல்லா இடத்திலும் ஒரே கேள்வி வரும். "உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது, சாம்பியன்?"

"ரெண்டாயிரத்து ஆறுல. சாலையில விழுந்தப்போ."

இந்தப் பதிலைச் சொல்லும்போது அவர் கேட்டவரைப் பார்க்க மாட்டார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டோம்.

அவரிடம் வேறொரு பழக்கமும் இருந்தது. குழுக்களெல்லாம் ஓடி முடித்த பிறகு, எட்டு மணி வாக்கில், தனியாக ஓடுவார். நாற்பத்தைந்து வயதிலும் நல்ல ஓட்டம்தான். ஆனால் சாலையின் நடுவில் ஓட மாட்டார். வலது ஓரமாகவே போவார். இடப்பக்கம் ஒரு ஆள் ஓடுகிற அளவுக்கு இடம் விட்டிருப்பார். பார்வை நேராக இருக்காது. இரண்டு தப்படி முன்னால், தரைக்குச் சற்று மேலே, யாருடைய குதிகாலையோ பார்த்துக்கொண்டு ஓடுகிறவரைப்போல இருக்கும். பால்கேன் சுமந்து எதிரே வருகிற பெண்கள் அந்த இடது ஓரத்தை விட்டு விலகியே நடக்கக் கற்றுக்கொண்டார்கள். ஏனென்று அவர்களும் கேட்டதில்லை. நீண்ட ஓட்டப் பாதையில் முப்பது கிலோமீட்டர் என்று சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று உண்டு. அதற்கு மேல் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அங்கே நின்றுவிடுவார். கொஞ்ச நேரம் திரும்பி நின்று சாலையோரத்தைப் பார்ப்பார். பிறகு நடந்தே வீடு வருவார்.

ஒருமுறை டாக்டரிடம் சொல்லியிருக்கிறார்.

"ஓடும்போது பக்கத்துல இன்னொரு ஆள் ஓடுற சத்தம் கேக்குது, டாக்டர். முப்பதாவது கல்லுகிட்ட நின்னுடுது."

அவர் சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்று கெட்ட கனவுகளைக் கொண்டுவரக்கூடியது. டாக்டர் அதை மாற்றிக் கொடுத்தார். கனவு போனது. காலடிச் சத்தம் போகவில்லை.

யாருடைய சத்தம் என்பது எங்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. செம்வேனோ. பர்சுலாயும் அவனும் ஒரே பருவத்தில், ஒரே குடிசையில் தனித்திருந்து, சுன்னத்துச் சடங்கு முடித்து ஆண்களானவர்கள். அப்படிச் சேர்ந்து வந்தவர்கள் எங்களிடையே உடன்பிறந்தவர்களுக்கும் மேல். ஒருவன் கேட்டால் மற்றவன் இல்லையென்று சொல்லக்கூடாது. பயிற்சி முகாமில் இருவருக்கும் ஒரே அறை. பர்சுலாய் ஓடிய பெரிய பந்தயங்களில் எல்லாம் செம்வேனோதான் வேகம் பிடித்துக் கொடுப்பவன். அந்த வேலைக்கு ஒரு கணக்கு உண்டு. முன்னால் ஓடி, காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, சொன்ன வேகத்தை நூல் பிடித்தது போலக் காத்து, முப்பதாவது கிலோமீட்டரில் விலகிவிட வேண்டும். மிச்ச தூரமும் பரிசும் பின்னால் வருகிறவனுக்கு.

அந்த 2003 பந்தயம் முழுவதும் ஒரு குறுந்தகட்டில் இருக்கிறது. ஜெசாங்கின் டீக்கடையில் இருக்கிற தொலைக்காட்சியில் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஓடும். ஜெசாங் செம்வேனோவின் மனைவி. அந்தப் பந்தயம் நடந்த இரண்டாம் மாதம் அவன் இறந்துபோனான். மலேரியாவும் டைஃபாய்டும் சேர்ந்து வந்தது என்று சொன்னார்கள். அந்த நாட்களில் எல்லோரும் அந்த இரண்டினால்தான் செத்தார்கள். பர்சுலாயின் மனைவியும் அதற்கு இரண்டு வருடம் முன்பு மலேரியாவில்தான் போனாள்.

ஜெசாங் மெலிய ஆரம்பித்தபோது பர்சுலாய்தான் கண்டுபிடித்தார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவளுக்கும் அதே நோய். மாத்திரை ஆரம்பித்து ஒரு வருடத்தில் பழைய உடம்பு வந்துவிட்டது. பெரிய மகன் கிப்சோயின் பள்ளிப் படிப்பையும் பர்சுலாயே பார்த்துக்கொண்டார். மழைக்காலத்துக்கு முன் வண்டி நிறைய விறகு கொண்டுவந்து இறக்குவார். புதிதாக யார் கடைக்கு வந்தாலும் ஜெசாங் அவரைக் காட்டிச் சொல்வாள்.

"அதோ உக்காந்திருக்காரே, அவர் இல்லேன்னா இந்த டீயை உனக்கு ஊத்த நான் இருந்திருக்க மாட்டேன்."

பர்சுலாய் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பார்.

கிமிடெய் விஷயம் இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது. இருபத்து நான்கு வயது. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஏறி வந்தவன். கேலி பேசுவதில் ஊரில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஓடத் தெரியாதவன் அல்ல, ஆனால் ஜெயிக்கப் பிடிவாதம் போதாது என்று பயிற்சியாளர் டோரோய்டிச் அவனை வேகம் பிடிக்கும் வேலைக்குப் பழக்கினார். அந்த வேலையை அவன் கற்றது செம்வேனோவைப் பார்த்துத்தான். ஜெசாங்கின் கடையில் அந்தக் குறுந்தகட்டை எத்தனை முறை போட்டுப் பார்த்திருப்பான் என்று சொல்ல முடியாது. தோளைத் தளர்த்திக்கொள்கிற விதம், கையைத் தாழ்த்தி விரலால் வேகம் சொல்கிற விதம், முப்பதில் விலகும்போது ஒரு கையைத் தூக்குகிற விதம், எல்லாமே செம்வேனோ.

அந்த வருடம் மார்ச்சில் அவனுக்கு முதல் வெளிநாட்டு அழைப்பு வந்தது. சனிக்கிழமை விமானம். மூன்று மாதம் அங்கேயே தங்கி நான்கு பந்தயங்கள். அதே மார்ச்சில் அவன் மெலிந்தான். ஊர் கை குலுக்கியது.

"காத்துல பறக்குறான் பாரு. ஈட்டி மாதிரி ஆயிட்டான்."

"இதைத்தான் நான் ஒரு வருஷமா கேட்டுட்டு இருந்தேன்" என்றார் டோரோய்டிச்.

விமானத்துக்கு முந்திய வியாழன் காலை, சந்திப்பில் பர்சுலாய் அவனை ஏற்றி நிறுத்தினார். பையைத் தடவினார். கல் இல்லை. நோட்டைப் பார்த்தார். ஐந்து வாரம் முன்பு ஐம்பத்தேழு. இப்போது ஐம்பத்தொன்று.

"சாப்பிடுறியாடா?"

"குதிரை மாதிரி சாப்பிடுறேன், சாம்பியன். புல்லுதான் தர்றாங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோருமாக ஜெசாங்கின் கடைக்குப் போனோம். வழக்கமான இடம், வழக்கமான பெஞ்சுகள். ஜெசாங் பெரிய கெட்டிலிலிருந்து பால் டீயை ஊற்றிக்கொண்டே வந்தாள். தொலைக்காட்சியில் அந்தப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஆவி பறக்கக் குடித்தார்கள். கிமிடெய் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். ஆறட்டும் என்று காத்திருந்தான். பிறகு சின்னச் சின்ன வாயாக, தலையை ஒரு பக்கம் சாய்த்து விழுங்கினான். சப்பாத்தியைப் பிட்டுத் தேநீரில் ஊறவைத்து, பக்கத்தில் இருந்தவன் தட்டில் நைசாகத் தள்ளிவிட்டான்.

பர்சுலாய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்தது எங்களுக்குத் தெரிந்தது.

"நாக்கைக் காட்டு" என்றார்.

"என்ன சாம்பியன், கல்யாணத்துக்கு மாடு பாக்குறீங்களா? பல்லையும் எண்ணிக்கோங்க."

"காட்டுடா."

அவன் காட்டவில்லை. கடையில் சிரிப்பு குறைந்தது. பர்சுலாய் குரலைத் தாழ்த்தினார்.

"ஆஸ்பத்திரி பத்து நிமிஷம். மோட்டார் சைக்கிள்ல போயிட்டு வந்துடலாம். விரல்ல ஒரு குத்து. இல்லேன்னு வந்துச்சுன்னா நானே உன்னை விமானத்துல ஏத்தி விடுறேன்."

"இருக்குன்னு வந்தா?"

"மாத்திரை இருக்கு. என்னைப் பாரு. வருஷக்கணக்கா சாப்பிடுறேன்."

கிமிடெய் கோப்பையைக் கீழே வைத்தான். இப்போது அவன் கேலி பேசவில்லை.

"உங்களைத்தான் பாக்குறேன். ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது? ஆறுல. எப்போ ஜெயிச்சீங்க? மூணுல. மூணுலயும் அது உங்க ரத்தத்துல இருந்திருக்கும்ல? உங்களுக்குத் தெரியாது. தெரியாததனாலதான் ஓடினீங்க. தெரிஞ்சிருந்தா அந்தக் காலையில எந்திரிச்சு ஷூ போட்டிருப்பீங்களா? எனக்கும் அந்த மூணு மாசம் குடுங்க. தெரியாமயே ஓடிட்டு வர்றேன். ஜூலைல நீங்க சொல்ற இடத்துக்கு வர்றேன்."

யாரோ "சரியாத்தான் கேக்குறான்" என்றார்கள்.

"இதோ பாருங்க" என்று தொலைக்காட்சியைக் காட்டினான் கிமிடெய். "செம்வேனோ அண்ணன் என்னைவிட மெலிசு. எப்படி ஓடுறார் பாருங்க. ஒரு நொடி பிசகல. உடம்பு அப்படி ஆனாத்தான் இந்த வேலை வரும்."

திரையில் இருபத்தெட்டாவது கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. செம்வேனோ முன்னால், அவன் வலத்தோளுக்குப் பின்னால் பர்சுலாய். மழைத்தண்ணீர் சாலையில் மினுங்கியது. அதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம். எவ்வளவு அழகாக இருக்கிறான் என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம்.

ஜெசாங் கெட்டிலோடு நின்றுவிட்டாள். புருஷனுடைய பேர் அடிபட்டால் அவள் அப்படி ஒரு நிமிடம் நிற்பாள். முகத்தில் பெருமை இருக்கும்.

பர்சுலாய் அவளைப் பார்த்தார். பிறகு கிமிடெயைப் பார்த்தார். எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தார். பெஞ்சுக்குத் திரும்பி வராமல் அங்கேயே நின்றார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"எது?"

"மூணுல எனக்குத் தெரியும். ரெண்டுலயே தெரியும். முழங்கால் ஆபரேஷனுக்கு நைரோபி போனேன்ல, அதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்தாங்க. டாக்டர் கதவைச் சாத்திட்டுச் சொன்னார். ஒரு காகிதம் குடுத்தார். உடம்புல என்னென்ன பாக்கணும்னு எழுதியிருந்துச்சு. எடை. இருமல். நாக்குல வெள்ளை. பஸ்ல வரும்போது அதைப் பத்து தடவை படிச்சேன். நக்கூரு தாண்டினதும் கிழிச்சு ஜன்னல் வழியா விட்டேன். ஆறுல தெரிஞ்சுதுன்னு நான் உங்ககிட்ட சொன்னது பொய். பள்ளிக்கூடத்துல சொன்னது பொய். கோயில்ல சொன்னதும் பொய்."

வெளியே ஒரு மட்டாட்டு வேன் ஆள் கூப்பிட்டுக்கொண்டு போனது.

"மூணாம் வருஷம் மார்ச் மாசம். முகாம்ல எங்க அறை. செம்வேனோ முகம் பாக்குற கண்ணாடியை எடுத்துட்டு வந்து என் கட்டில்ல உக்காந்தான். 'என் நாக்கைக் கொஞ்சம் பாரேன், சூடா எதுவும் இறங்க மாட்டேங்குது, களியைத் தொட முடியல'ன்னான். பாத்தேன். வெள்ளையா, தயிர் ஒட்டின மாதிரி. அந்தக் காகிதத்துல எழுதியிருந்தது அப்படியே இருந்துச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

கிமிடெய் அணைந்த திரையைப் பார்த்தான்.

"'புளிச்ச பால் அதிகமாக் குடிக்கிற, அதான்'னு சொன்னேன். 'உடம்பு நல்லா இறங்கியிருக்கு, நீ தயார்'னு சொன்னேன். கையைக் குலுக்கினேன்."

"ஏன் சாம்பியன்?" இதைக் கேட்டது டோரோய்டிச். அந்த வருடமும் அவர்தான் முகாமில் பயிற்சியாளர்.

"அவன் ஆஸ்பத்திரிக்குப் போனா, பக்கத்துக் கட்டில்ல இருக்கிறவன் யாருன்னு கேப்பாங்க. அது ஒண்ணு. இன்னொண்ணு, அஞ்சு வாரத்துல பந்தயம். என் மூச்சு தெரிஞ்சு ஓடுறவன் அவன் ஒருத்தன்தான். முப்பது வரைக்கும் அவன் எனக்கு வேணும். ரெண்டும்தான். ரெண்டாவதுதான் பெருசு."

பிறகு அவர் கிமிடெயின் முன்னால் வந்து நின்றார்.

"நீ அந்தப் படத்துல பாக்குறது வேகம் பிடிக்கிற கலை இல்லடா. சாகப்போறவன் ஒருத்தன் எனக்காக ஓடுறான். அதைத்தான் பாத்துப் பாத்துப் பழகியிருக்கே. முப்பதுல ஓரமாப் போய்க் கையைத் தூக்குறான் பாரு, எனக்குக் காட்டுறான்னு நினைச்சேன் அப்போ. மூச்சு முட்டி எதையாவது பிடிக்கக் கை தேடுறான். கேமரா என் பின்னாடி வந்துடுச்சு. அதுக்கப்புறம் அவன் விழுந்தது படத்துல இல்ல. நான் திரும்பிப் பாக்கல."

கிமிடெய் வாயைத் திறந்து நாக்கை வெளியே நீட்டினான். முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தோம்.

மோட்டார் சைக்கிள்காரனை யார் கூப்பிட்டார்கள் என்று நினைவில்லை. நடுவில் கிமிடெய், பின்னால் பர்சுலாய். கடையை விட்டுப் போகும்போது பர்சுலாய் ஜெசாங்கின் பக்கம் திரும்பவில்லை. அவள் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, குடிக்காமல் இருந்த கோப்பைகளை எடுத்துக் கொட்ட ஆரம்பித்தாள். யாரும் டீ கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு என்ன சொன்னார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அது அவனுடையது. சனிக்கிழமை விமானத்தில் வேறொருவன் போனான். கிமிடெய் வியாழன் மதியத்திலிருந்து பதினெட்டு நாள் படுக்கையில் இருந்தான். இப்போது அறுபது கிலோ இருக்கிறான். ஓடுகிறான். கேலியும் திரும்பிவிட்டது. "உன்னை யார் ஏத்திவிட்டாலும் விமானம் கிளம்பாது, அவ்வளவு கனம்" என்று பையன்கள் சொன்னால், அவர்களுடைய விலா எலும்பை எண்ணிக் காட்டுவான்.

அந்த வியாழன் மதியம், கிமிடெயைப் படுக்கையில் சேர்த்துவிட்டு, பர்சுலாய் நடந்தே கடைக்கு வந்தார். கூட்டம் போயிருந்தது. நாங்கள் இரண்டு மூன்று பேர் மட்டும் சாலைக்கு எதிர்ப்புறம், மூடிய கறிக்கடையின் நிழலில் நின்றிருந்தோம். விலகிப் போவதா இருப்பதா என்று தெரியவில்லை. அதனால் எல்லாம் கேட்டது.

ஜெசாங் வாளியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார்.

"கிப்சோய் அம்மா."

அவள் நிமிரவில்லை. திட்டுவாள் என்று நினைத்தோம். கொதிக்கிற தண்ணீரை எடுத்து ஊற்றினாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டோம். அவரும் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார் என்று தோன்றியது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"மார்ச்னு சொன்னீங்க" என்றாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது. "மார்ச்ல எப்போ? ஆரம்பமா, கடைசியா?"

"ஆரம்பம். ரெண்டாவது வாரம் இருக்கும்."

"அப்போ எனக்கு மூணாம் மாசம்."

பர்சுலாய்க்குப் புரியவில்லை. எங்களுக்கும் உடனே புரியவில்லை. அவள் ஒரு கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"செரோனோ செப்டம்பர்ல பொறந்தா. ஆடுங்க பட்டிக்குத் திரும்புற நேரம், அதான் அந்தப் பேரு. அப்பா முகத்தைப் பாக்கல. ரெண்டு வயசுல போயிட்டா. எலும்பும் தோலுமா. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெட்டியை நீங்கதானே தூக்கினீங்க. ஒரு கையில தூக்கினீங்க."

அவர் தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில கர்ப்பிணிங்களுக்குப் பேசுவீங்களே. நான் வெளியில உக்காந்து கேட்டிருக்கேன். பிரசவ நேரத்துல அம்மாவுக்கு ஒரு மாத்திரை, பொறந்ததும் புள்ளைக்கு ஒரு சொட்டு மருந்து, அது வந்ததுக்கப்புறம் எத்தனை புள்ளைங்க பிழைச்சுதுன்னு சொல்வீங்க. நல்லாச் சொல்வீங்க. அந்த மாத்திரை நம்ம ஆஸ்பத்திரிக்கு எந்த வருஷம் வந்துச்சு?"

பர்சுலாய் பத்து வருடம் செம்வேனோவோடு ஓடியவர். அவன் குதிகாலை விட்டுக் கண்ணை எடுக்காதவர். அந்த அறைக்குள் அன்று இருந்தது இரண்டு பேர் என்றுதான் கணக்கு வைத்திருந்தார். எங்கள் கண்ணெதிரில் அந்தக் கணக்கு அவருக்குள் மாறியது. குழந்தை பிறந்த அடுத்த வருடம்தான் வந்தது என்று சொல்லியிருக்கலாம். அவள் படித்தவள் அல்ல, யாரும் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை.

"ரெண்டுல" என்றார். "அவ பொறக்கிறதுக்கு முந்தின வருஷமே வந்துடுச்சு."

ஜெசாங் தலையசைத்தாள். ஏற்கெனவே தெரிந்த ஒன்றை உறுதிப்படுத்திக்கொண்டவளைப்போல இருந்தது. கடைசிக் கோப்பையைக் கவிழ்த்தாள். வாளித் தண்ணீரைச் சாலையில் வீசி ஊற்றினாள். செம்மண்ணில் அது கறுப்பாகப் பரவியது.

"போங்க" என்றாள்.

"நாளைக்கு..."

"போங்கன்னு சொல்றேன்ல."

அவர் போனார். அன்று சாலையின் நடுவிலேயே நடந்தார். எதிரே வந்த ஒரு பால்காரப் பெண் வழக்கம்போல விலகினாள். அவர் அவளைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

ஜெசாங் மாத்திரைகளை நிறுத்திவிடுவாளோ என்று நாங்கள் பயந்தோம். நிறுத்தவில்லை. ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் வாங்குவதில்லை. மாதம் ஒருமுறை மட்டாட்டு ஏறி எல்டோரெட் போய் வாங்கி வருகிறாள். அவர் கொண்டுவந்து இறக்கிய விறகை வாசலிலேயே விட்டுவிட்டாள். மழையில் நனைந்து, காளான் பூத்து, பக்கத்து வீட்டார் எடுத்துப் போனார்கள். கடையில் அந்தக் குறுந்தகட்டைக் கேட்டால், கீறல் விழுந்துவிட்டது என்கிறாள். யாரும் வற்புறுத்துவதில்லை.

பர்சுலாய் தன் வேலையை விடவில்லை. எப்போது தெரிந்தது என்று கேட்கும் இடங்களில் எல்லாம் 2002 என்று சொல்கிறார். கேட்டவர் முகத்தைப் பார்த்தே சொல்கிறார். சில பள்ளிக்கூடங்கள் அதன்பிறகு அவரைக் கூப்பிடுவதில்லை.

செவ்வாய்க்கிழமைதான் அவருக்குக் கஷ்டம். கர்ப்பிணிகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், சிலர் கம்பளி பின்னிக்கொண்டே கேட்பார்கள். அவர் நன்றாகத்தான் ஆரம்பிப்பார். பரிசோதனை, சாப்பாடு, புருஷனைக் கூட்டி வருவது. பிரசவ மருந்துக்கு வரும்போது குரல் நின்றுவிடும். இப்போது மருந்துமுறையே மாறிவிட்டது, சொல்ல வேண்டியதும் குறைவுதான். ஆனாலும் நின்றுவிடும். அந்த வாக்கியத்தை நர்ஸ் எடுத்து முடிப்பாள். அவள் விடுமுறையில் இருக்கிற வாரங்களில் அவரே முடித்தாக வேண்டும். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பின்னுகிற ஊசிகள் நின்றுவிடும். வெளியே ஆடுகள் கத்தும். ஒரு சொல், பிறகு இன்னொரு சொல். மாத்திரை. அம்மாவுக்கு. பிறகு. பிள்ளைக்கு.

சொல்லி முடிக்க வெகுநேரம் ஆகும்.